மருந்து டப்பா கைமாறும் வயது: நாள்பட்ட நோயுள்ள பிள்ளையைத் தயார்ப்படுத்துவது எப்படி?

டைப் 1 சர்க்கரை நோய், வலிப்பு, பிறவி இதயக் கோளாறு என்று ஏதோ ஒன்றோடு வளரும் பிள்ளைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதிலிருந்து டாக்டரிடம் பேசுவது வரை எல்லாமே பெற்றவர்கள்தான். ஆனால் 18 வயதானதும், பல நாடுகளில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது பிள்ளையேதான். 12, 13 வயதிலேயே தொடங்கிவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலையாக.

படி 1: டாக்டரிடம் பிள்ளையே பேசட்டும்

என்னைக் கேட்டால் இதில்தான் தொடங்க வேண்டும். "எப்படிப்பா இருக்கே?" என்று டாக்டர் பிள்ளையைத்தான் கேட்கிறார், பதில் நம் வாயிலிருந்து வருகிறது! அடுத்த முறை பேசாமல் இருந்து பாருங்கள். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைப் பிள்ளை போனில் எழுதிக்கொண்டு வரட்டும். கொஞ்ச நாள் போனதும், கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போய் உட்காருங்கள். மது, பாலுறவு பற்றியெல்லாம் உங்களை வைத்துக்கொண்டு கேட்க மாட்டார்கள், ஆனால் கேட்டே ஆக வேண்டும். இன்சுலின் போடுபவர் குடித்தால், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கிவிடலாம். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் வயிற்றில் வளரும் கருவைப் பாதிக்கலாம். அதற்காக டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். இதை டாக்டர் சொல்லிக் கேட்பது நல்லது.

படி 2: மருந்துப் பொறுப்பு

முதலில் வாராந்திர டப்பாவைப் பிள்ளை நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். அது பழகிய பிறகு, மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வைப்பதும் பிள்ளை வேலை. நடுவில் ஒரு வேளை விட்டுப்போனால் திட்டாதீர்கள், அடுத்த முறை மறைப்பார்கள். ஏன் விட்டுப்போனது என்று கேளுங்கள். நண்பர்கள் எதிரில் மாத்திரை போடக் கூச்சமாக இருந்தால், போனில் அலாரம் வைத்து என்ன பயன்? நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 3: ஒரு பக்கச் சுருக்கம்

நோயின் பெயர், மருந்தும் அளவும், ஒவ்வாமை, நடந்த அறுவைச் சிகிச்சைகள், அவசரத்தில் செய்ய வேண்டியது. பிள்ளை கையாலேயே எழுதி, போனிலும் ஒரு படம்.

படி 4: புது டாக்டர்

பெரியவர்களுக்கான டாக்டர் யார் என்று குழந்தை மருத்துவரிடமே கேளுங்கள். அங்கே ஒரு முறை போய்வந்த பிறகே பழைய இடத்தை விடுங்கள். இடைவெளி விழுந்தால் பரிசோதனையும் மருந்தும் நின்றுபோகும்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை என்றால், 18 ஆவதற்கு முன்பே சட்டப்படி என்ன வழி என்று விசாரியுங்கள். பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் காப்பாளர் என்பது ஒன்று. முடிவெடுக்கத் துணை நிற்பது மட்டும் போதும் என்றால், பல இடங்களில் அதற்கும் வழி உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.