ஆப்பிரிக்கச் சந்தைக்குக் காய்கறி ரகம்: ஆராய்ச்சி லைனை வாங்கிச் சோதிக்கும் முறை

டான்சானியாவின் அரூஷாவில் உலக காய்கறி மையத்தின் பண்ணை இருக்கிறது. அந்த மையமும் ஆப்பிரிக்க விதை வணிகச் சங்கமும் 2018இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. அதில் சேரும் விதை நிறுவனங்கள், இன்னும் ரகமாக வெளிவராத லைன்களை, அதாவது ஆராய்ச்சியாளர் உருவாக்கிவரும் செடி வரிசைகளை, முன்கூட்டியே வாங்கிச் சோதிக்கலாம்.

அப்படிச் சேரும் சென்னை விதை நிறுவனம் முதலில் காகித வேலையை முடிக்க வேண்டும். ஆராய்ச்சி விதை உள்ளே வர, தில்லியிலுள்ள தேசிய தாவர மரபுவளப் பணியகத்தின் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. நம் நாட்டு வெண்டையை ஆராய்ச்சிக்கு அரூஷாவுக்கு அனுப்புவதென்றால் தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்குங்கள். விதைப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் இரண்டைக் கேட்டுத் தெளியுங்கள்: லைனை வீரிய ஒட்டுரகத்துக்குப் பெற்றோராக வைக்கலாமா, சோதனைப் பதிவை எப்போது திருப்பித் தர வேண்டும்.

தக்காளி என்றால் 60×45 செ.மீ. இடைவெளி, லைனுக்கு 3 பாத்தி, பாத்திக்கு 20 செடி. எந்த லைன் எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வரிசையாக நட்டால் நிலத்தின் வளம் லைனின் குணமாகத் தெரியும். அங்குள்ள விவசாயி அறிந்த டெங்கேரு 97 போன்ற ரகத்தை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் நடுங்கள். அது இல்லாத பதிவை அரூஷாவில் யாராலும் பயன்படுத்த முடியாது.

இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னைக் கோடையில் பூ உதிரும்; 1,200 மீட்டருக்கு மேலுள்ள அரூஷாவில் அதே லைன் நன்றாகக் காய்க்கும். சென்னையில் கழித்த லைன் அங்கே தேறலாம் என்பதால் டார் எஸ் சலாம் போன்ற கடலோரத்திலும் மேட்டு நிலத்திலும் தனித்தனியே சோதனை வையுங்கள். இலைச்சுருட்டு வைரஸ்களும் இடத்துக்கு இடம் வேறு. இந்த வைரஸ்களை எதிர்க்கும் டிஒய்-2 மரபணுவை மட்டும் நம்பிய லைன் ஓரிடத்தில் நின்று வேறோரிடத்தில் சாயும்; டிஒய்-3 மரபணுவும் சேர்ந்ததைக் கேளுங்கள்.

பாக்டீரியாவை நீக்கத் தக்காளி விதையை 50 டிகிரி நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்நீரில் போட்டு உலர்த்துங்கள். சூடு கூடினாலும் விதை பழையதானாலும் முளைப்பு குறையும். நம் கடற்காற்றில் விதை ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். எனவே ஈரப்பதம் 6 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் அலுமினியத் தாள் பையில் அடையுங்கள்.

நல்வேளையை விட்டுவிடாதீர்கள். நாம் களையாகப் பிடுங்கும் அது கிழக்கு ஆப்பிரிக்காவில் விரும்பி வாங்கும் கீரை. அறுத்த புதுவிதை உறக்கத்தில் இருக்கும், வெளிச்சமும் முளைப்பைத் தடுக்கும். சில மாதம் வைத்திருந்து, இருட்டில் முளைப்புச் சோதனை செய்யுங்கள்.