ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நடைபாதை சேர்ப்பது எப்படி? வரைந்தால் போதாது, ஒட்ட வேண்டும்

பெரிய சாலைகள் எல்லா வரைபடத்திலும் இருக்கும். இரண்டு தெருக்களுக்கு நடுவே போகும் சந்தும், படிக்கட்டும், ஒற்றையடிப் பாதையும்தான் விட்டுப்போயிருக்கும். நடந்து போகிறவர்களுக்கு வேண்டியதோ அவைதான். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், எல்லாரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடம். அதில் அவற்றை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். கணக்குத் தொடங்கும் கதையை விட்டுவிடுகிறேன்.

முதலில் நடங்கள். இந்த வரைபடத்தைக் காட்டும் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற கைபேசிச் செயலியில் தடப்பதிவை (நடந்த வழியை ஜிபிஎஸ்ஸில் பதிவது) ஓடவிட்டு, பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்புங்கள். படி, கேட், தடுப்புக் கம்பி வரும் இடங்களில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியிலும் உயரமான கட்டடங்களுக்கு இடையிலும் ஜிபிஎஸ் தடம் தள்ளாடும். போகவரப் பதிந்த இரண்டு தடங்கள் இருந்தால் நடுவில் எங்கே வரைவது என்று ஓரளவு தெரியும்.

அப்புறம் கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தைத் திறந்து 'எடிட்' அழுத்தினால், உலாவியிலேயே வரைய உதவும் ஐடி எடிட்டர் வரும். தனியாக நிறுவிக்கொள்ளும் ஜோசம் என்ற எடிட்டர் இன்னும் வலுவான கருவி என்பார்கள், உண்மைதான். ஆனால் முதல் பாதைக்கு அது வேண்டாம். பொத்தான்களைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். செயலி பதிந்த தடத்தின் ஜிபிஎக்ஸ் கோப்பை ஐடி எடிட்டருக்குள் இழுத்துப் போட்டால் உங்கள் தடம் கோடாகத் தெரியும். பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். அந்தப் பகுதியில் மற்றவர்கள் ஏற்றிய தடங்களோடும் ஒப்பிட்டு, படத்தை நகர்த்துங்கள். படத்துக்காக ஏற்கெனவே இருக்கும் சாலைகளை நகர்த்தாதீர்கள்.

இனி வரையலாம். எல்லாரும் சிக்குவது இங்கேதான். பாதையின் முனை சாலைக் கோட்டைத் தொட்ட மாதிரி தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு முடி இடைவெளி இருக்கும். கண்ணுக்கு அது பாதை, வழிகாட்டும் செயலிக்கு அது தனித்தீவு. இரண்டு கோடுகளுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும் என்று அது புரிந்துகொள்ளும். அதனால் நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, சாலைக் கோட்டின் மேலேயே கிளிக் செய்து தொடங்குங்கள், மறுமுனையையும் அப்படியே முடியுங்கள். சரியாக ஒட்டியதா என்ற சந்தேகமா? சாலையை லேசாக இழுத்துப் பாருங்கள். பாதையின் முனையும் கூடவே வந்தால் ஒட்டியிருக்கிறது. உடனே அன்டூ செய்துவிடுங்கள்!

வகை தேர்வில் ரொம்பக் குழம்ப வேண்டாம். நடப்பவர்களுக்கென்றே உள்ளது ஃபுட்வே, பொதுவான ஒற்றையடிப் பாதை பாத், படிக்கட்டு ஸ்டெப்ஸ். தரை மண்ணா, கான்கிரீட்டா என்பதையும் சேர்த்தால் சக்கர நாற்காலியில் போகிறவருக்கு உதவும். பெயர் தெருப்பலகையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து எதையும் எடுக்கக் கூடாது, உரிமம் இடம் தராது. சேமிக்கும்போது "நேரில் நடந்து பார்த்துச் சேர்த்த சந்து" என்பதுபோல் ஒரு குறிப்பு போதும்.

பின்சேர்க்கை: பாலத்துக்கு அடியில் போகும் பாதையையும் மேலே போகும் சாலையோடு ஒட்டிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். அங்கே ஒட்டக் கூடாது. பாலப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி, பாலம் என்று குறித்து லேயர் 1 (கீழே போகும் பாதைக்கு மேல் அடுக்கு) கொடுங்கள். தனியார் இடத்துக்குள் போகும் வழியை வரையலாம், ஆனால் அணுகல் 'பிரைவேட்' என்று போட மறக்காதீர்கள்.

"சேர்த்தேன், செயலியில் காணோம்" என்பது அடிக்கடி வரும் கேள்வி. தளத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆஃப்லைன் செயலிகளில் வரைபடத்தின் அடுத்த பதிப்பை இறக்கும்வரை பழையதுதான் இருக்கும். காணோமே என்று மறுபடி ஒரு கோடு வரைந்துவிடாதீர்கள்.