கார் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நம் டெல்டாவில் புயல் பயம்தான். 2018 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சரி, ஜெனரேட்டர் வைத்திருக்கிறீர்கள். மழைக்குப் பயந்து அதை வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் வைத்து ஓட்டிவிடாதீர்கள். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தாலும் போதாது.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிற பிள்ளைகள் எழுந்திருக்காமலே போய்விடலாம், நினைத்தாலே பதறுகிறது.

வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்கு அடியில், புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காதபடி வையுங்கள். காரையும் ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டபடி நிறுத்தி வைக்காதீர்கள். அப்புறம், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால், முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.