பயோடீசலும் என் பழைய பிக்கப்பின் பம்ப் சீலும்

மலேசியாவில் 2019-ல் வண்டிகளுக்குக் கட்டாயமாக வந்தது பி10, அதாவது 10 சதவீதம் செம்பனை பயோடீசல் கலந்த டீசல். புது வண்டிகளுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை ரோட்டரி பம்ப் உள்ள பிக்கப் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது, பம்ப் பக்கம் லேசான டீசல் கசிவு வேறு. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை இரண்டு பக்கமும் மாட்டிப் பார்த்தேன்: பம்புக்குள் போகும் டீசலில் ஒரு குமிழிகூட இல்லை, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயில் மட்டும் குமிழிகள் வரிசையாக ஓடின. காற்று பம்புக்குள்ளேதான் ஏறுகிறது. கழற்றினால், ஆக்சிலரேட்டர் ஷாஃப்டில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஊறி உப்பி, நகம் பட்டாலே பிய்ந்து வந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் பயோடீசலில் இப்படி ஆகலாம்.

பம்ப் கடையில் பம்ப் கழற்றாமல் ஓ-ரிங்கை மட்டும் மாற்றலாம் என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை, ஒன்று போனால் மற்றதும் போகும். எல்லா சீலையும் பயோடீசலை நன்றாகத் தாங்கும் வைட்டான் ரப்பரில் போட்டோம். அப்புறம் ஃபில்டர்: பயோடீசல் டேங்கின் பழைய கசடைக் கரைத்து இழுத்துவரும், தண்ணீரையும் ஈர்க்கும். அதனால் புது ஃபில்டரைச் சீக்கிரமே இன்னொரு முறை மாற்றுங்கள், அதன் அடியில் தேங்கும் தண்ணீரையும் அடிக்கடி திறந்து விடுங்கள்.