பதம்: எங்கே எதைப் பார்ப்பது?

‘பதம் வந்துடுச்சா பாரு’ என்று அடுப்படியில் சொன்னால் ஒன்று, வயலில் சொன்னால் வேறு. பக்குவத்தைக் குறிக்கும் பதம் தமிழ்ச் சொல். சொல்லையும் பாட்டையும் குறிக்கும் பதம் வடமொழியிலிருந்து வந்தது. முதலில் இவை இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். பக்குவம்தான் என்றால், முன்னால் நிற்கும் சொல்லைக் கவனியுங்கள். எப்படிச் சோதிப்பது என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

கம்பிப் பதத்துக்குப் பாகில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லப் பிரியுங்கள். அறுபடாமல் ஒரு நூல் நின்றால் ஒற்றைக் கம்பி. சீனிப் பாகின் சூடு அப்போது சுமார் 105 டிகிரி செல்சியஸ். மைசூர்பாகுக்குக் கடலை மாவு போடும் நேரம் இதுதான்.

அதிரசத்துக்கு இது போதாது. ஒரு கிலோ ஈர அரிசி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டுவிட்டு விரலால் கூட்டினால், கரையாமல் திரண்டு மெத்தென்று உருள வேண்டும். இது உருட்டுப் பதம். கரைந்தால் பாகு இளசு. தட்டிப் போட்டது எண்ணெயில் பிரிந்துபோகும். உருண்டை கிண்ணத்தில் ‘டங்’கென்று விழுந்தால் முற்றிவிட்டது, அது கடலைமிட்டாய்க்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது. நீர் வற்ற வற்றச் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் உருட்டிப் பார்ப்பதற்குள் சட்டியில் இருப்பது அடுத்த பதத்துக்குப் போயிருக்கும். வெல்லத்துக்கு வெல்லம் அழுக்கும் ஈரமும் மாறும், ஆகவே வெப்பமானியைவிடத் தண்ணீர்க் கிண்ணமே நம்பகம்.

உழவுப் பதத்துக்கு உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்து சிதறினால் ஏர் பூட்டலாம். அப்பிக்கொண்டு கிடந்தால் ஈரம் அதிகம். அப்போது உழுதால் களிமண் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்தபின் உடைக்க முடியாத கட்டியாகும். பிடியே கூடவில்லையென்றால் காய்ந்துவிட்டது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதில் பதம் என்றால் மாதிரி. கத்தி விரலைப் பதம் பார்த்தது என்றால் வெட்டிவிட்டது, அவ்வளவுதான்.

இலக்கணத்தில் பதம் என்பது சொல். பிரிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். ‘வந்தனன்’ என்பதில் இறுதி ‘அன்’ விகுதி, அதற்கு முன் உள்ள ‘அன்’ சாரியை, ‘த்’ இறந்தகால இடைநிலை. பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: ‘வந்’ என்பதைப் பகுதி என்று எழுதிவிடுவார்கள். பகுதி ஏவலாக நிற்க வேண்டும். ‘வந்’ என்று யாரையும் ஏவ முடியாது. ‘வா’தான் பகுதி, அது ‘வ’ எனக் குறுகியதும், சந்தி ‘த்’ ‘ந்’ ஆனதும் விகாரம்.

பரதநாட்டிய நிகழ்ச்சி நிரலில் வர்ணத்துக்குப் பின் ‘பதம்’ என்று இருந்தால், அது விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, நகரும் அபிநய உருப்படி. பாடலாசிரியர் க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்கள் இதில் பேர்போனவை. அங்கே அடவை (காலும் கையும் சேர்ந்த ஆட்ட அசைவை) தேடாமல் முகத்தையும் கையையும் பாருங்கள்.