உத்தமாரோவின் அழகியர்: மறுபதிப்பு எடுத்து ஃபிரேம் போடும் முறை

எடோ காலத்து (17 முதல் 19-ம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் பெண்களை வரைந்த மரக்கட்டை அச்சுப் படங்களுக்கு 'பிஜிங்கா' என்று பெயர். அழகியர் படம் என்று பொருள். அசல் பிரதி நம் கைக்கு எட்டாது. ஆனால் பெரிய அருங்காட்சியகங்களே தரமான ஸ்கேன்களை இலவசமாகத் தருகின்றன. படம் கெட்டுப்போவது பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான், ஃபிரேம் கடையில் அல்ல. அதனால் முதல் மூன்று படிகளை நிதானமாகச் செய்யுங்கள்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு அக்காலத்து ஓவியர் கித்தகாவா உத்தமாரோ நல்ல தேர்வு. 1790களில் மார்புக்கு மேலே மட்டும் பெரிதாகக் காட்டி அவர் வரைந்த பெண்கள், அறையின் மறுகோடியில் இருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிவார்கள். 1793 வாக்கில் வந்த 'இக்காலத்து மூன்று அழகியர்' எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் இருப்பவர் தோயோஹினா என்ற கெய்ஷா. மற்ற இருவரில் ஓக்கித்தா, எடோ நகரின் அசாகுசா பகுதியில் தேநீர்க் கடையில் பரிமாறியவர். ஓஹிசா, அரிசி வறுவல் விற்ற கடைக்காரர் வீட்டுப் பெண். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே முகம்போலத் தோன்றும். மூக்கின் வளைவையும் கண்ணின் சாய்வையும் கொஞ்ச நேரம் ஒப்பிட்டுப் பாருங்கள், மூவரும் தனித்தனியாகப் பிரிந்து வருவார்கள்.

நவீனமாக வேண்டும் என்றால் ஹாஷிகுச்சி கோயோ 1920-ல் வெளியிட்ட, கூந்தல் வாரும் பெண்ணின் படம் இருக்கிறது. அவர் 1921-ல் இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இத்தோ ஷின்சுயியின் படங்கள் அப்படியல்ல. அவர் மறைந்தது 1972-ல்தான், உரிமை இன்னும் முடியவில்லை.

படி 2: ஸ்கேனைச் சோதியுங்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், சிகாகோ கலைக்கழகம் 2018 முதலும் காப்புரிமை முடிந்த படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகின்றன. ஓவியர் பெயரைப் போட்டுத் தேடி, 'பொதுவுடைமை' என்று குறித்திருப்பதை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் 'ஓபான்' அளவில் இருக்கும். அதாவது ஏறக்குறைய 39 × 26 செ.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்க 4600 × 3070 பிக்சல் வேண்டும். நீளப் பக்கத்தில் 3000 இருந்தாலும் ஒப்பேற்றலாம். அதற்குக் கீழே போகாதீர்கள்.

அப்புறம், நெற்றியோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி தொடங்கும் அந்த இடத்தில், ஒவ்வொரு இழைக்கும் இருபுறமும் மரத்தைச் செதுக்கி எடுத்து, இழையை மட்டும் மேடாக விட்டிருப்பார் செதுக்குபவர். நல்ல ஸ்கேனில் இழைகள் தனித்தனியாகத் தெரியும். கறுப்புத் திட்டாகக் கலங்கியிருந்தால் வேறு ஸ்கேன் தேடுங்கள்.

படி 3: நிறத்தில் கை வைக்காதீர்கள்

என் முதல் பிரதியில் தாளின் பழுப்பை 'சுத்தம்' செய்து வெள்ளையாக்கினேன். முகத்தின் மென்மை முழுக்கப் போய்விட்டது. உத்தமாரோவின் பெண்களுடைய முகம் பெரும்பாலும் வெறும் தாள்தான். சருமத்துக்கென்று தனிச் சாயம் பூசவில்லை. தாளை மாற்றினால் முகமே மாறிவிடும்.

வெளிறிய நிறங்களைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம். குசும்பப்பூச் சிவப்பும் தாவர நீலமும் வெளிச்சத்தில் மங்கக்கூடியவை. இரண்டும் கலந்த ஊதா பல பிரதிகளில் பழுப்பாகிவிட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களான ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-ல் 6,000-க்கும் மேற்பட்ட படங்களைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, அவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால்தான் அங்கே அந்த ஊதா இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அசல் நிறம் வேண்டுமென்றால் அப்படிக் காப்பாற்றப்பட்ட பிரதியின் ஸ்கேனைத் தேடுங்கள். நீங்களாக ஊகித்து நிறம் ஏற்றாதீர்கள்.

ஓரத்தில் இருக்கும் கையெழுத்தையும் முத்திரைகளையும் வெட்டவே கூடாது. பதிப்பாளர் குறியும், 1790-களின் தொடக்கத்திலிருந்து வந்த தணிக்கை முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

படி 4: அச்சடியுங்கள்

பளபளக்காத பருத்தித் தாள், நிறமி மை. கடையில் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஏ3 தாளில் படம் அசல் அளவிலேயே அடங்கும், சுற்றிலும் குறைந்தது ஒன்றரை செ.மீ. மிஞ்சும். 'தாளுக்குப் பொருத்து' என்ற வசதியை அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் அப்ரகத்தூள் மின்னும் படங்கள் உண்டு. அச்சில் அது வெறும் சாம்பலாகத்தான் வரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 5: மவுண்ட், ஃபிரேம்

படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல்போல் வெட்டிய அட்டைதான் மவுண்ட். அமிலமில்லாத மவுண்ட் போர்டு, வெள்ளை வேண்டாம், தந்த நிறம். வெளி அளவு 42 × 56 செ.மீ., ஜன்னல் 27 × 40 செ.மீ. பக்கங்களிலும் மேலேயும் ஏழரை, கீழே எட்டரை விடுங்கள். கீழே அந்த ஒரு செ.மீ. கூடுதலாக இல்லாவிட்டால் படம் சரிந்து இறங்குவதுபோல் இருக்கும்.

படத்தைப் பின்னட்டையில் முழுக்க ஒட்டாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத காகித டேப்பால் தொங்கவிடுங்கள். ஈரப்பதத்தில் தாள் விரியும்போது சுருக்கம் விழாமல் இருக்க இதுதான் வழி. செல்லோ டேப் மஞ்சளாகிக் கறை விடும்.

ஃபிரேமுக்கு மெல்லிய கறுப்பு மரம் அல்லது வெளிர் மரம் போதும், பொன்பூச்சு வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. எப்படியும் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள்.

படி 6: பின்பக்கம் எழுதுங்கள்

1793-ல் கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று எடோ அரசு ஆணையிட்டது. உத்தமாரோ அந்தப் பெண்களின் பெயரைச் சித்திர விடுகதையாக்கி மூலையில் வைத்தார். 1796-ல் அதையும் தடுத்தார்கள். அதனால் மாட்டுவதற்கு முன் ஃபிரேமின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ஓவியர், ஆண்டு, ஸ்கேன் தந்த அருங்காட்சியகம், 'மறுபதிப்பு' என்ற சொல். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெண்ணின் பெயர்.