பழைய வெள்ளி ரூபாயை விற்கும் முன்

வெள்ளி விலை ஏறினால் பாட்டி காலத்து ரூபாய்க்கும் மவுசு கூடும். ஆனால் முதலில் ஆண்டைப் பாருங்கள். விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரையிலான ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல்.

எடைக்கு மேல் விலை கிடைப்பது அரிய வகைகளுக்குத்தான். 1911 ரூபாயில் மன்னரின் அங்கியிலுள்ள யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரியும். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், விலை விழுந்துவிடும்.

பழைய நாணயத்துக்கு லட்சங்கள் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்பவன் மோசடிக்காரன். ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.